மோட்டார்த் தொழிற்சாலையும் நமது சங்கப் பேரேடும்

கூட்டுறவுச் சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் இடங்களில் அங்கத்தினர்கள் இந்நாளில் என்னைக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "சங்கத்துக்குக் கணினி வந்துவிட்டது. இனிக் கணக்கில் தவறு நேராதல்லவா?" என்பதே அது. சிலர் இதனை நம்பிக்கையோடு கேட்கின்றனர். சிலர் அச்சத்தோடு கேட்கின்றனர். 2022 ஜூன் மாதத்தில் இந்திய அரசு, நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, துணி விற்பனை முதலிய கணக்குகள் கணினிக்கு மாறி வருகின்றன. ஆகவே இக்கேள்வி நமது பங்குத் தொகையையும், நெசவுக் கூலியையும், விளைபொருளின் விலையையும் நேரே தொடுகின்ற கேள்வியாகும்.

இதற்கு விடை சொல்லுமுன், யந்திரங்களை ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றின் ஒவ்வோர் அசைவையும் கணினியில் பதியும் முறையை நமக்கு வெகுகாலம் முன்னரே கைக்கொண்ட ஒரு தொழிலைப் பார்ப்பது நலம். அது மோட்டார் கார் செய்யும் தொழில். அவ்வழியில் பெரும் பொருள் செலவிட்டு வெற்றி கண்டோரும் உண்டு. செலவிட்டபின் வெட்கமுற்றுத் திரும்பியோரும் உண்டு. அவர்கள் பட்டறிந்ததை நாம் கேட்டறிந்துகொள்ளலாம். கைத்தறிக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று நெசவாள அங்கத்தினர்கள் ஐயுற வேண்டுவதில்லை. அத்தொழிலின் தலையாய பாடம் ஒரு தறியிலேதான் பிறந்தது.

தறியில் பிறந்த பாடம்

ஜப்பான் நாட்டில் 1867-ஆம் ஆண்டு ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர் சாகிச்சி டொயோடா. தம் ஊர்ப் பெண்கள் கைத்தறியில் படும் சிரமத்தைக் கண்டு, அதனை எளிதாக்க முனைந்தார். 1891-இல் ஒரு கையால் இயக்கத்தக்க மரத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். 1896-இல் நீராவியால் இயங்கும் விசைத்தறியை அமைத்தார். அத்தறியின் சிறப்பு அதன் வேகத்தில் மட்டும் அடங்கியதன்று. ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ அத்தறி தானே நின்றுவிடும்.

இதன் அருமை நெசவாளர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. கைத்தறியில் இழை அறுந்தால் கை உணரும், கண் காணும், உடனே நிறுத்திப் பிணைத்துவிட்டு மேலே நெய்வோம். விசைத்தறிக்கு அவ்வுணர்வு இல்லை. அறுந்த இழையோடு அது ஓடிக்கொண்டே இருக்கும். ஓட ஓடக் குறைத்துணி நீளும். அதனைக் காவல் காக்க ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் நிற்க வேண்டும். யந்திரமே தன் குறையை உணர்ந்து நிற்குமானால், ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம், குறைத்துணியும் விழாது. 1924-இல் சாகிச்சியும் அவர் மகன் கிச்சிரோவும் நிறைவு செய்த "ஜி" வகைத் தானியங்கித் தறி, ஓட்டம் நிற்காமலே நாடாவை மாற்றிக்கொண்டது. 1929-இல் அத்தறியின் உரிமையை, நெசவு யந்திரங்களுக்குப் பேர்போன இங்கிலாந்திலேயே, பிளாட் பிரதர்ஸ் என்னும் கம்பெனி விலைகொடுத்து வாங்கியது. 1933-இல் அத்தறிக் கம்பெனியில் மோட்டார்ப் பிரிவு தொடங்கப்பட்டது. 1937-இல் அது டொயோட்டா மோட்டார்க் கம்பெனியாகத் தனியே நிலைபெற்றது.

தறியில் கண்ட தத்துவத்தை அவர்கள் கார்த் தொழிற்சாலைக்கும் கொண்டுசென்றனர். அதற்கு "ஜிடோக்கா" என்று பெயர். தானே இயங்குதல் என்னும் ஜப்பானியச் சொல்லில் அசைவைக் குறிக்கும் எழுத்து ஒன்று உண்டு. அவ்வெழுத்தோடு மனிதனைக் குறிக்கும் கோட்டைச் சேர்த்து எழுதுவது அவர்கள் வழக்கம். மனித அறிவு சேர்ந்த தானியக்கம் என்பது கருத்து. கார்கள் வரிசையாக நகர்ந்து செல்லும் தளத்தில், தொழிலாளரின் கைக்கு எட்டுமாறு ஒரு கயிறு தொங்கும். குறையைக் கண்ட தொழிலாளி யாராயினும் அதை இழுக்கலாம். உடனே "ஆண்டோன்" எனப்படும் பலகையில் விளக்கு எரியும். குழுத்தலைவர் அவ்விடம் ஓடிவருவார். குறிப்பிட்ட இடத்துக்குக் கார் போய்ச் சேருமுன் குறை தீராவிடில் வரிசை முழுதும் நிற்கும். பிற்காலத்தில் கயிற்றுக்குப் பதிலாகப் பொத்தான் வந்த இடங்களும் உண்டு. கயிறாயினும் பொத்தானாயினும் அதற்கு உயிர் தருவது, ஓடிவரும் அந்த மனிதரே.

ஒரே கட்டடம், மூன்று காலம்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிரீமான்ட் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள ஒரு கார்த் தொழிற்சாலையின் வரலாறே நமக்கு ஒரு முழுப் பாடமாகும்.

முதலில் அதனை நடத்தியது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி. அங்கே நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் ஓயாத பூசல். எக்காரணத்தாலும் வரிசையை நிறுத்தலாகாது என்பது அக்காலத்து விதி. குறையுள்ள காரும் நகர்ந்துகொண்டே சென்று, முடிவில் வெளி முற்றத்தில் பழுது பார்க்கப்படும். 1982-இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது.

1984-இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூடி, நூமி என்ற பெயரில் அதனை மீண்டும் திறந்தன. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. தொழிற்சங்கமும் பழைய சங்கமே. அவர்களுள் ஒரு பகுதியினர் ஜப்பான் சென்று பயின்று வந்தனர். அதிநவீன யந்திரங்கள் பெரிதாகச் சேர்க்கப்படவில்லை. கயிறு வந்தது, அதை இழுக்கும் உரிமை வந்தது, இழுத்தவரை வசைபாடாமல் நன்றி சொல்லும் வழக்கம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் அங்குச் செய்த கார்களின் தரம் ஜப்பானியத் தரத்தை நெருங்கியது. அதே காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிற தொழிற்சாலைகளில் யந்திர மனிதர்களுக்காகப் பெருந்தொகை செலவிட்டது. 1985-இல் டிட்ராய்ட் அருகே ஹாம்டிராமிக்கில் திறந்த புதிய ஆலையில், வர்ணம் தெளிக்கும் யந்திரங்கள் காரை விட்டுவிட்டு ஒன்றன்மேல் ஒன்று தெளித்துக்கொண்ட செய்தி அந்நாளில் உலகெங்கும் பேசப்பட்டது.

2010-இல் நூமி மூடப்பட, அதே கட்டடத்தை டெஸ்லா கம்பெனி வாங்கியது. அதன் தலைவர் எலான் மஸ்க் "மாடல் 3" என்னும் மின்சாரக் காரைப் பெரும்பாலும் யந்திரங்களைக் கொண்டே செய்துவிட எண்ணினார். வாரத்துக்கு 5,000 கார்கள் என்னும் இலக்கை 2017-ஆம் ஆண்டு இறுதியில் எட்டுவது திட்டம். எட்டியதோ 2018 ஜூன் இறுதியில். உறுப்புகளை ஏற்றிச் செல்லச் சிக்கலாக அமைத்த நகரும் பட்டைகளைக் கழற்ற வேண்டி வந்தது. கட்டடத்துக்கு வெளியே பெருங்கூடாரம் போட்டு, அதில் கைவேலையை மிகுதியாகக் கொண்ட ஒரு வரிசை அமைக்க வேண்டி வந்தது. யந்திரமயமாக்கலில் அளவு மீறியது தம் தவறே என்றும், மனிதரின் மதிப்பைக் குறைவாக எடைபோட்டு விட்டதாகவும் 2018 ஏப்ரலில் அவரே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

அக்காரின் மின்கலப் பெட்டி செய்யும் இடத்தில் நேர்ந்த ஒரு செய்தி நாம் நினைவில் வைக்கத்தக்கது. பெட்டியின்மேல் பஞ்சு போன்ற கண்ணாடியிழை விரிப்பு ஒன்றைப் பரப்ப வேண்டும். பஞ்சைப் பற்றுவது யந்திரக் கைக்கு எளிதாக இல்லை. அதனால் வேலை அடிக்கடி தடைப்பட்டது. பல நாள் போராடியபின், இவ்விரிப்பு எதற்கு என்று விசாரித்தனர். சோதித்துப் பார்த்ததில் அது தேவையே இல்லை என்று தெரிந்தது. வேண்டாத வேலையைச் செய்ய அவர்கள் விலையுயர்ந்த யந்திரத்தை வைத்துப் போராடியிருக்கின்றனர்.

ஆக, ஒரே கட்டடத்தில் கேட்க ஆளில்லாத உழைப்பு தோற்றது; கேட்கும் வழக்கம் வென்றது; வேலையை ஆராயாமல் யந்திரத்தை முன்வைத்தது தடுமாறியது.

பேசும் யந்திரங்கள்

இதனால் கணினியும் யந்திரமும் வேண்டா என்று பொருள் கொள்ளலாகாது. இன்றைய கார்த் தொழிற்சாலையில் அவை செய்யும் பணி வியக்கத்தக்கது. சக்கரத்தின் திருகாணியை முடுக்கும் கருவி, எவ்வளவு விசையோடு முடுக்கியது என்பதைத் தானே அளந்து, அக்காரின் 17 எழுத்து அடையாள எண்ணுக்கு நேரே பதிந்துவிடுகிறது. விசை குறைந்தால் சிவப்பு விளக்கு எரிந்து, கார் அடுத்த இடத்துக்குச் செல்வதைத் தடுக்கும். ஓடும் மோட்டாரில் பொருத்திய உணர்கருவி, அதன் அதிர்வையும் சூட்டையும் இடைவிடாது அளக்கிறது. தேயத் தொடங்கிய பேரிங், உடைவதற்குப் பல நாள் முன்பே அதிர்வைக் கூட்டிக் காட்டுகிறது. அனுபவமுள்ள நெசவாளர் தறியின் ஓசையைக் கொண்டே அதன் நோயைச் சொல்வதும், விவசாயி பம்புசெட்டின் முனகலைக் கேட்டே பழுதை அறிவதும் இதே கலைதான். யந்திரம் அதனை இரவும் பகலும் சோர்வின்றிச் செய்கிறது.

இப்பதிவால் விளையும் நன்மை ஒன்று நமக்கும் மிக நெருங்கியது. ஒரு நாள் வந்த உறுப்பு பழுதென்று பின்னர்த் தெரிந்தால், அவ்வுறுப்பு எந்தெந்தக் கார்களில் சேர்ந்தது என்று எண்ணைக் கொண்டு கண்டு, அவற்றை மட்டும் திரும்ப அழைக்கலாம். பதிவு இல்லையேல் ஆயிரமாயிரம் கார்களை ஐயத்தின்பேரில் அழைக்க வேண்டும். நமது கொள்முதல் கிடங்கிலும் இதே நிலைமைதான். எந்த மூட்டை யாருடையது என்ற குறிப்பு இல்லாவிடில், நாலு மூட்டை ஈரமென்று கண்ட வியாபாரி குவியல் முழுவதற்கும் விலையைக் குறைப்பான். நன்றாக உலர்த்திக் கொணர்ந்தவரும் ஈரத்தோடு கொணர்ந்தவரின் நஷ்டத்தைச் சுமப்பார். சரியான பதிவு நேர்மையாளருக்குக் காவல்.

ஒரே முடிச்சில் கட்டலாகாது

எல்லாவற்றையும் பிணைப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. பிணைத்த கயிறு ஓரிடத்தில் அறுந்தால் எல்லாம் நிற்கும்.

டொயோட்டாவுக்குப் பிளாஸ்டிக் உறுப்புகள் செய்து தரும் கொஜிமா என்னும் கம்பெனியின் கணினிகளைக் கயவர் வலைவழியே புகுந்து முடக்கினர். அதன் விளைவாக 2022 மார்ச்சு 1-ஆம் நாள் ஜப்பானிலுள்ள டொயோட்டாவின் 14 தொழிற்சாலைகளும் நின்றன. ஒரே நாளில் சுமார் 13,000 கார்களின் உற்பத்தி தடைப்பட்டது. அடுத்த ஆண்டு, 2023 ஆகஸ்டு 29-இல், அதே 14 தொழிற்சாலைகள் மீண்டும் நின்றன. இம்முறை பகைவர் எவரும் இல்லை. உறுப்புகளுக்கு உத்தரவு அனுப்பும் கணினியில் பராமரிப்பு வேலை நடந்தபோது, தகவல்களைச் சேமிக்கும் இடம் போதாமற் போயிற்று. மாற்றுக்கு வைத்த கணினியும் அதே அமைப்பில் இருந்தமையால் அதுவும் கைகொடுக்கவில்லை. ஒரு கிடங்கின் சாவி தொலைந்தால் உதவும் என்று செய்த மாற்றுச் சாவியை அதே கொத்தில் கோத்து வைத்ததற்கு இது ஒப்பாகும்.

2025 செப்டம்பரில், டாட்டா மோட்டார்ஸுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவர் கம்பெனிக்கு நேர்ந்தது இவற்றினும் பெரிது. கணினித் தாக்குதலால் பிரிட்டனிலுள்ள அதன் தொழிற்சாலைகள் ஐந்து வாரங்களுக்கு மேல் நின்றன. அக்டோபர் 8-ஆம் நாள்தான் படிப்படியாகத் தொடங்கின. அங்குச் செய்யப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி, பிரிட்டனின் பொருளாதாரத்துக்கு நேர்ந்த நஷ்டம் சுமார் 190 கோடி பவுன். பெரிய கம்பெனி அரசின் கடன் உத்தரவாதத்தோடு சமாளித்தது. அதற்கு உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகளே கூலி கொடுக்கவும் வழியின்றித் தவித்தன. பெரிய யந்திரம் நின்றால் முதலில் நோவது சிறியவர் என்பதைக் கூட்டுறவாளர் மறத்தலாகாது.

ஒரு சங்கத்தில் கண்டது

இனி நம் நிலைமைக்கு வருவோம். சில காலத்துக்கு முன் நான் ஆய்வு செய்த ஒரு நெசவாளர் சங்கத்தில், கணினியில் 60-ஆம் நம்பர் நூல் 40 கட்டு இருப்பதாகக் கண்டது. கிடங்கில் எண்ணினால் 31 கட்டுகளே இருந்தன. "பேரேடு இருந்தவரை இவ்விதம் நேர்ந்ததில்லை, கணினியால் வந்த வினை" என்றனர் சிலர். சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். நூல் வழங்கும்போது சீட்டு எழுதுவதில்லை; மாலையில் நினைவிலிருந்து எழுதுகின்றனர். அதைக் கணினியில் ஏற்றுவது இரண்டு நாள் கழித்து. பழுதென்று அங்கத்தினர் திருப்பித் தந்த நூலுக்குப் பதிவே இல்லை. பழைய பேரேட்டைப் புரட்டினால் அதிலும் இதே ஓட்டைகள். எவரும் கிடங்கோடு ஒப்பிடாததால் அவை வெளிப்படாமல் இருந்தன. முந்திய ஆண்டு அப்பேரேட்டைப் பார்த்துக் கையொப்பமிட்டவன் நானே என்பதையும் இங்குச் சொல்லிவிட வேண்டும். கூட்டல் சரியாக இருந்தது; கிடங்கின் கதவை நான் திறந்து பார்க்கவில்லை.

அவ்வேளையில் வயது முதிர்ந்த அங்கத்தினர் ஒருவர், கையில் பாஸ் புத்தகத்தோடு ஓர் ஓரத்தில் நின்றிருந்தார். பழுதென்று திருப்பித் தந்த நூலுக்கு அவர் கூலியில் இரண்டு மாதமாகப் பிடித்தம் செய்யப்பட்டிருந்தது. "முன்னமே சொல்லவில்லையா, அம்மா?" என்று கேட்டேன். "இரண்டு தடவை சொன்னேனுங்க ஐயா. கம்ப்யூட்டரிலே அப்படித்தான் வருதுன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அந்த அம்மையார் கயிற்றை இழுத்திருக்கிறார், ஓடிவர ஆளில்லை. கணினியும் தன்னளவில் குறையைக் காட்டிவிட்டது. அதனைப் படிக்க ஆளில்லை. பிடித்த கூலியை அன்றே திரும்பக் கொடுக்க ஏற்பாடாயிற்று. ஆனால் இழந்த நம்பிக்கை அன்றே திரும்புவதில்லை.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, வேலையைச் சீர்செய்த பின்னரே அதனை யந்திரத்தில் ஏற்றுதல் வேண்டும். சங்கத்தில் வைக்கும் பதிவேடுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எதற்கு, அதைப் படிப்பவர் யார் என்று நிர்வாகக் குழு ஆராயட்டும். சட்டப்படி வேண்டாததும், எவரும் படிக்காததுமான பதிவைக் கணினியில் ஏற்றுவது, தேவையற்ற பஞ்சு விரிப்பை யந்திரத்தால் பரப்புவதாகும்.

இரண்டாவதாக, பதிவு என்பது காரியம் நடந்த இடத்திலேயே, நடந்த வேளையிலேயே ஆக வேண்டும். நூல் கைமாறும்போதே சீட்டு. மூட்டை தராசில் நிற்கும்போதே எடைச்சீட்டு. அதன் நகல் ஒன்று அங்கத்தினர் கையில். மாதம் ஒரு முறை, நிர்வாகக் குழுவினர் இருவர் கிடங்கைத் திறந்து எண்ணிக் கணினியோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவதாக, குறை சொல்ல ஓர் இடமும், கேட்க ஓர் ஆளும், விடை தர ஒரு காலவரையும் வேண்டும். குறைப் பதிவேடு ஒன்று வாயிலருகே இருக்கட்டும். இன்னார் இத்தனை நாளுக்குள் விசாரித்து விடை எழுத வேண்டும் என்று தீர்மானியுங்கள். விசாரணை முடியும்வரை பிடித்தத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுங்கள். அதிகாரமில்லாத செவி கேட்டும் பயனில்லை. குறை சொன்னவரைக் கலகக்காரர் என்று ஒதுக்கும் வழக்கம் உள்ள சங்கத்தில் எத்துணை விலையுயர்ந்த கணினியும் ஊமையே.

நான்காவதாக, கணினியின் தகவலுக்கு நகல் எடுத்து, அதனோடு இணைப்பில்லாத வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். அந்நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருத்தல் வேண்டும். எல்லாருக்கும் ஒன்றென்றால், தவறு செய்தவர் யாரென்று காண இயலாது. ஆண்டில் ஒரு நாளாவது மின்சாரமும் கணினியும் இல்லையெனக் கொண்டு, சீட்டும் பேனாவும் கொண்டு சங்கத்தை நடத்திப் பழகுதல் நன்று.

இவற்றுள் எதற்கும் கோடி ரூபாய் வேண்டுவதில்லை. கணினி வந்தால் தவறு நேராதா என்ற கேள்விக்கு என் விடை இதுவே: தவறு நேரும், முன்னிலும் விரைவில் கண்ணுக்குப் புலப்படும். புலப்பட்டதைக் கண்டு நிறுத்தித் திருத்துவது மனிதர் கடன். கூட்டுறவுச் சங்கத்தில் அம்மனிதர் அங்கத்தினராகிய நாமே. கார்த் தொழிற்சாலையின் தொழிலாளி முதலாளிக்காகக் கயிற்றை இழுக்கிறான். நமது சங்கத்திலோ தறியும் நம்முடையது, துணியும் நம்முடையது, அறுந்த இழையும் நம்முடையது. அடுத்த மகாசபைக் கூட்டத்துக்குச் செல்லும் ஒவ்வோர் அங்கத்தினரும், "குறை சொன்னால் கேட்பவர் யார், எத்தனை நாளில் விடை?" என்ற இக்கேள்வியைத் தவறாது கேட்பாராக. விடை கிடைத்தால் அதனைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஆய்வுக்கு வரும்போது நான் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். பிறகு கிடங்கின் சாவியைக் கேட்பேன்.